உறுதி எண்

ஆவுடைநாயகி கையெழுத்துப் போட்டு விரலை எடுப்பதற்குள் கையிலிருந்த மின்பலகையில் எண் விழுந்துவிட்டது. நாற்பத்தாறு.

மழைச்சட்டையின் கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலின் ஈரத்தால் தவறாக வந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி இருக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும். ஈரம், குளிர், களைப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் பலகை எண் சொல்லும். ஓர் உத்தரவுக்கு ஒரு கையெழுத்துதான். அழித்துவிட்டு மறுபடி போட முடியாது.

‘வெள்ளூடிக் குளத்தின் கரையில் ஆபத்தான கசிவு காணப்படுவதால் மறுகால் ஷட்டர்கள் ஐந்தையும் முழுதாகத் திறக்க உத்தரவிடுகிறேன்.’ இதுதான் அவள் கையெழுத்திட்டது. குளத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் அவள்.

திறந்த கையொப்பச் சட்டம் வந்து பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. அரசு அலுவலர் எதில் கையெழுத்திட்டாலும் அது அந்தக் கணமே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். கூடவே ஓர் எண்ணும் வரும். விரல் நுனியின் துடிப்பு, வியர்வை, நடுக்கம் மூன்றையும் அளந்து, எழுதியதைத் தானே எவ்வளவு நம்புகிறார் என்று நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் எண். உறுதி எண் என்று அதற்குப் பெயர். பார்க்காத கட்டடத்தைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டவர்கள் முதல் இரண்டு வருடங்களிலேயே வரிசையாக மாட்டிக்கொண்டார்கள். ஐம்பதுக்குக் கீழே விழுந்தால் உத்தரவு செல்லாது. மேலதிகாரி நேரில் வந்து பார்த்துத் தன் கையெழுத்தைப் போட வேண்டும். பொய் சொல்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. உண்மையிலேயே ஒன்று தெரியாமல் நிற்பவர்களுக்கு என்ன எண் வரும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாலு நாளாக மழை விடவில்லை. கரைக்குக் கீழே பள்ளவிளை, முந்நூறு வீடுகள். குளத்தின் உபரி நீரான மறுகால் தண்ணீர் போகும் ஓடையின் இரு கரையிலும் ஓடைக்குடியிருப்பு, அறுபது வீடுகள். ஷட்டரைத் திறந்தால் அந்த அறுபது வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் புகும். திறக்காமல் விட்டுக் கரை உடைந்தால் பள்ளவிளை இருக்காது.

சிறிது நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மாடக்கண்ணு கரைமேல் ஏறி வந்தார். பள்ளவிளையின் மக்கள் வாசகர் அவர். ஊருக்கு ஒருவரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். தினமும் வெளியாகும் உத்தரவுகளில் ஊருக்கு வேண்டியதை எண்ணோடு சேர்த்து ஒலிபெருக்கியில் வாசிப்பது அவர் வேலை. பதினைந்து வருடத்துக்கு முன்னால், ‘அந்தப் பாலத்துல இன்னைக்குப் போகலாம், நான் சொல்லுதேன்ல’ என்று ஓர் அதிகாரி வாயால் சொன்னதை நம்பிப் போன மாடக்கண்ணுவின் தம்பி, பாலத்தோடு ஆற்றுக்குள் போனான். விசாரணையில் அந்த அதிகாரி தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அன்று தொடங்கி மனுவும் ஊர்வலமுமாக இந்தச் சட்டத்துக்காக நடந்தவர்களில் மாடக்கண்ணுவும் ஒருவர்.

“நாப்பத்தாறுன்னு பாத்தேன்” என்றார். “அப்படின்னா என்னம்மா அர்த்தம்? கரை உடையுமா, உடையாதா?”

“தெரியல அண்ணாச்சி.”

“தெரியலன்னா எப்படி? நீங்கதான படிச்சிருக்கிய.”

அவரைக் கரையின் பின்சரிவுக்குக் கூட்டிப் போனாள். புல்லுக்கு நடுவே, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு மண் கொதிப்பதுபோல் நீர் ஊறிக்கொண்டிருந்தது. கண்ணாடி டம்ளர் ஒன்றில் அதை மொண்டு அவரிடம் நீட்டினாள்.

“கசிவு எல்லாக் கரையிலயும் இருக்கும். தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல. கலங்கி வந்தா, உள்ளேருந்து மண்ணை அரிச்சிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்படின்னா கரை ஒரு பொழுதுகூடத் தாங்காது. இது எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க.”

மாடக்கண்ணு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர்போல் இருந்தது.

“கலங்கல்தான்” என்றார். பிறகு டம்ளரைத் திருப்பினார். “இல்ல, மழத்தண்ணி மேலேருந்து விழுந்து கலங்கியிருக்குமோ?”

“அதேதான் எனக்கும். காலைலேருந்து பன்னெண்டு தரம் மொண்டு பாத்துட்டேன். ஒவ்வொரு தரமும் ஒண்ணு தோணுது.”

“சரி, எங்க ஊரையாவது காலி பண்ணச் சொல்லி உத்தரவு போடுங்க.”

“அதுக்கும் ‘கரை உடையும் அபாயம் உள்ளது’ன்னு எழுதித்தான் கையெழுத்துப் போடணும். அதே விரல்தான, அதே நாப்பத்தாறுதான் வரும்.”

அவள் கைபேசி அதிர்ந்தது. உத்தரவு வெளியான ஒரு மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், அலுவலர் பதில் சொல்லியாக வேண்டும். ஓடைக்குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல். “மேடம், எம்மவ பிள்ளை பெத்து ஒம்பது நாள்தான் ஆவுது. ஒங்களுக்கே பாதி நம்பிக்கை இல்ல. அதை வச்சிக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள தண்ணியைத் தொறந்து விடுவியளா?”

ஆவுடைநாயகி பதிலுக்காக வாயைத் திறந்தாள்.  ‘பதில் தரப்படவில்லை’ என்று கைபேசி தானே பதிவு செய்துகொண்டது.

பகல் ஒரு மணிக்கு மண்டலப் பொறியாளர் அருள்ஞானம் ஜீப்பில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வருட அனுபவம். ஐந்தாறு வருடமாகத் தொண்ணூற்று நான்குக்குக் கீழே அவர் கையெழுத்து விழுந்ததே இல்லை என்பது மாவட்டத்துக்கே தெரியும். மற்ற அதிகாரிகள் எண்ணைக் கூட்டிக்கொள்ள மூச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். சிலர் படபடப்பை அடக்கும் மாத்திரையைத் தின்றுவிட்டு, ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டு வேலையை இழந்தார்கள். அருள்ஞானத்தின் ரத்தத்தில் அப்படி எந்த மருந்தும் இருந்ததில்லை. புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டினால், ‘அருள்ஞானம் சார் கையெழுத்து போடட்டும்’ என்று பெற்றோர்களே மனுக் கொடுத்தார்கள்.

அவர் கரையை இரண்டு தரம் நடந்து பார்த்தார். டம்ளர் தண்ணீரைப் பார்த்தார். குளத்தின் விளிம்புக்குப் போய் வெகுநேரம் நின்றார். பிறகு பலகையை வாங்கி, ‘கரை தாங்கும். ஷட்டர்களைத் திறக்க வேண்டியதில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

தொண்ணூற்றாறு.

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். ஆவுடைநாயகிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. நான் பார்க்காத எதை இவர் பார்த்தார்? கேட்கலாம் என்று திரும்புவதற்குள் அவர் அடுத்த குளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மாடக்கண்ணு மட்டும் போகாமல் நின்றார்.  அவள் சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணாச்சி, நான் ஒங்க ஊர்ல குடியிருந்தா, இன்னைக்கு அங்க இருக்க மாட்டேன்.”

அவர் முகம் மாறியது. “இதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லுவியளா?”

“சார் போட்ட பெறகு நான் போட்டாச் செல்லாது.”

“அப்ப வாய்ச்சொல்லு.” அவர் குடையை மடக்கி விரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. “வாய்ச்சொல்லை நம்பக்கூடாதுன்னுதானம்மா இத்தனை வருசம் நடந்தேன். இப்ப நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போவேன்?”

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

பள்ளவிளையில் கைபேசிக் கோபுரம் விழுந்து காலையிலிருந்தே கைபேசிகள் செத்துக் கிடந்தன. மாடக்கண்ணுவைத் தவிரக் கரைக்கு வந்து போனவர்கள் எல்லாரும் ஓடைக்குடியிருப்புக்காரர்கள். பேட்டரியில் ஓடும் வாசகர் கருவி ஒன்றுதான் பள்ளவிளைக்கும் வெளியுலகத்துக்கும் தொடர்பு. அரைமணி கழித்து மழைச் சத்தத்துக்குள்ளிருந்து மாடக்கண்ணுவின் ஒலிபெருக்கிக் குரல் கரைமேல் வரை கேட்டது. “மண்டலப் பொறியாளர் உத்தரவு. கரை தாங்கும். உறுதி எண் முப்பத்தெட்டு. திரும்பச் சொல்லுதேன், முப்பத்தெட்டு.”

ஆவுடைநாயகி தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நின்றாள். மூன்றாம் தரமும் அதே எண்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளவிளைத் தெருக்களில் டிராக்டர்கள் கிளம்பும் ஓசை வந்தது. அருள்ஞானம் சாரின் கையே நடுங்கிவிட்டது என்றால் இனி யார் அங்கே இருப்பார்கள்?

இறங்கிப் போய் அது பொய் என்று சொல்லலாம். சொல்வதுதான் அவள் கடமை. அவள் போகவில்லை. வேலைக்கு வந்திருந்த ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கினாள். நடுவில் மணலும் சரளையும் கொட்டினார்கள். நீர் வரட்டும், மண் வராமல் இருந்தால் போதும்.

நாலரை மணிக்கு மழை விட்டது. ஐந்தரைக்கு மொண்ட டம்ளரில் தண்ணீர் குடிக்கிற மாதிரி தெளிந்திருந்தது.

கரை தாங்கிவிட்டது. தாங்கியது மூட்டைகளாலா, மழை விட்டதாலா, அல்லது அது உடையவே இருந்ததில்லையா? அவளால் சொல்ல முடியவில்லை. அருள்ஞானம் சொன்னபடி நடந்தது. அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஊர் காலியானபோது, நெரிசலில் ஏறிய தளவாய் என்ற எழுபது வயதுக்காரர் டிராக்டரிலிருந்து சாய்ந்து விழுந்தார். தலை கல்லில் பட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதற்குள் கோபுரம் சரியாகி எல்லாருடைய கைபேசியிலும் உண்மையான எண் வந்திருந்தது. தொண்ணூற்றாறு. மாடக்கண்ணு எதையும் மறுக்கவில்லை.

எட்டாம் நாள், ஊரே கூடி விசாரித்துக் கைதூக்கித் தீர்ப்புச் சொல்லும் மக்கள் அமர்வு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் அருள்ஞானம் ஆவுடைநாயகியைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். மனைவி வெளியே போயிருந்ததால் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை அவள் வாங்கியதும் சூடு தாங்காமல் மேசையில் வைத்துவிட்டாள். அவர் தன்னுடையதை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

“சார், சுடலையா?”

“சுடாது” என்றார். “ஆறு வருஷமாச்சு. சர்க்கரை வியாதில விரல் மரத்துப்போச்சு. வேர்க்கவும் வேர்க்காது. பயந்தாலும் நாடி ஏறாது, விரல் நடுங்காது. மொதல்ல நான் ரொம்ப தைரியசாலின்னுதான் நெனச்சேன். எல்லாரும் தடுமாறும்போது எனக்கு மட்டும் தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு. பெருமையா இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்ன ஒருநா, என்னன்னே படிக்காத ஒரு உத்தரவுல அவசரத்துல போட்டேன். தொண்ணூத்தேழு வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது.”

“மாத்திரை இருக்கான்னுதான் ரத்தத்தைப் பாக்காங்க…”

“வியாதி இருக்கான்னு யாரும் பாக்கல.”

“அன்னைக்குக் கரைல என்னதான் சார் பாத்தீங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நீ பாத்ததைத்தான். கலங்கலா, தெளிவான்னு தெரியல. தெறந்தா அறுபது வீடு நிச்சயம் போகும். தெறக்காட்டி முந்நூறு வீடு போனாலும் போகும், போகாமலும் இருக்கும். யாராவது ஒருத்தர் சொல்லியாகணும். என் கையெழுத்துதான் செல்லும்னு எனக்குத் தெரியும், போட்டுட்டேன்.”

“பலகை ஒழுங்கா அளந்திருந்தா என்ன வந்திருக்கும்?”

“யாருக்குத் தெரியும்? மாடக்கண்ணு வாசிச்சது வந்திருந்தாலும் ஆச்சரியமில்ல.” தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். “இப்ப நான் வெளிய சொன்னா, ஆறு வருஷத்துக் கையெழுத்தும் போச்சு. ரெண்டு பாலம், பதினேழு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. ஒண்ணும் கெட்டதில்ல, எல்லாத்தையும் நல்லாப் பாத்துத்தான் போட்டேன். ஆனா யார் இனி அதுக்குள்ள பிள்ளையை அனுப்புவா? சொல்லாம இருந்தா அந்த மனுசன் ஜெயிலுக்குப் போவார். நீ சொல்லும்மா. நான் என்ன செய்யட்டும்?”

சொல்லுங்கள் என்று சொல்ல வந்தாள். சொல்லாதீர்கள் என்றும் வந்தது. காப்பி ஆறும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

பள்ளவிளைக் கல்யாண மண்டபத்தில் அமர்வு காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மண்டபம் நிறைந்து வாசலிலும் கூட்டம். முன் வரிசையில் தளவாயின் மகள் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள்.

அமர்வுத் தலைவர் கேட்டதும் மாடக்கண்ணு எழுந்தார். “நான் வாசிச்சது பொய்தான். தொண்ணூத்தாறை முப்பத்தெட்டுன்னேன். தளவாய் அண்ணன் செத்தது என்னாலதான். என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிடுதேன்.”

“ஏன் பொய் வாசிச்சீங்க?”

அவர் ஆவுடைநாயகி இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. “பயந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

ஆவுடைநாயகி எழுந்தாள். “நான்தான் அவர்கிட்ட வாயால சொன்னேன். ஊர்ல இருக்க வேண்டாங்கிற மாதிரி. அவர் பொய்யா வாசிச்சது எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சும் திருத்தல.”

பலகையைக் கொண்டுவந்தார்கள். அதையே எழுதிக் கையெழுத்திட்டாள். தொண்ணூற்றொன்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கண்டிராத எண்.

கூட்டம் இரைந்தது. கைதூக்கச் சொன்னார்கள். மாடக்கண்ணுவின் வாசகர் பதவி பறிபோனது. அவள்மேல் துறை விசாரணை என்றும் முடிவானது. மாடக்கண்ணுமேல் வழக்குத் தொடுப்பதா என்ற பேச்சு வந்தபோது கடைசி வரிசையிலிருந்து அருள்ஞானம் நடந்து வந்தார்.

தன் வீட்டில் சொன்னதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னார்.  கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். “சார் பெரிய மனசுக்காரர். அந்த ஆளைக் காப்பாத்த இப்படிச் சொல்லுதாவ. எங்க பிள்ளையள் ஒங்க கையெழுத்துப் பள்ளிக்கூடத்துலதான் சார் படிக்கி. நாங்க நம்ப மாட்டோம்.”

“ஆமா, பலகையில போடச் சொல்லுங்க!” என்றது இன்னொரு குரல். “உண்மையான்னு அது சொல்லட்டும்!”

அருள்ஞானம் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். பலகையை வாங்கி எழுதினார். ‘என் விரல்கள் உணர்வற்றவை. என் உறுதி எண்ணை நம்பக்கூடாது.’ கையெழுத்திட்டார்.

புது வாசகர் இன்னும் தேர்வாகவில்லை. வழக்கம்போல மாடக்கண்ணுவிடமே பலகையை நீட்டினார்கள். அவர் வாசகத்தை வாசித்தார். எண்ணுக்கு வந்ததும் தயங்கினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. அவர் பலகையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டே வாசித்தார்.

“தொண்ணூத்தேழு.”

கைதட்டலா, கூச்சலா என்று தெரியாத ஓசை ஒன்று எழுந்து அடங்கியது. “அப்ப சார் சொல்லுதது உண்மைதான்” என்றார் ஒருவர். “உண்மைன்னா அந்த எண்ணை நம்பக்கூடாதே?” என்றார் பக்கத்தில் இருந்தவர். “நம்பக்கூடாதுன்னா, அவர் சொன்னது பொய். பொய்யின்னா எண்ணு சரி…” அவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். அமர்வுத் தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

முப்பிடாதி எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் அருள்ஞானத்தின் வலது கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சேலைத் தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்.

“அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க” என்றாள்.

அவருக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். “குத்தும்மா, பரவால்ல” என்றார்.

கொஞ்ச நேரம் போனது. முன் வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

“பயப்படாம குத்தும்மா” என்றார் அவர் மறுபடி.

“குத்தியாச்சு” என்றாள் முப்பிடாதி. அவர் விரல் நுனியிலிருந்து ரத்தம் அவள் உள்ளங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் தலைப்பால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அமர்வின் பதிவை எழுதிக்கொண்டிருந்த பெண், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்பதற்காகப் பக்கத்தில் நின்ற ஆவுடைநாயகியைப் பார்த்தாள். ஆவுடைநாயகி படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, ஒன்றும் அச்சிடாத பின்பக்கத்தை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.